வலப்பக்க அறைக் குழாய்

ஜகியாவை வலப்பக்க அறையில் கிடத்திய மூன்றாம் நாள் காலையில்தான் கொதிகலன் முதன்முதலாகத் தட்டியது.

சமையலறையில் பவுர்சாக் பலகாரம் பொரிக்க மாவு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சின்னச் சுத்தியலால் இரும்பைத் தட்டியது போலிருந்தது. ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு.

"வந்துட்டாரு," என்றாள் பகிலா. இறந்துபோன ஜகியாவுக்குத் தம்பி மனைவி அவள். "மகன் எங்கேன்னு கேட்டுத் தட்டுறாரு."

"உயிரோட இருந்தப்பவும் மகன் பேரை எடுத்தா தட்டத்தானே செஞ்சாரு, மேசையை," என்றாள் எண்ணெய்ச் சட்டியருகே நின்ற பக்கத்து வீட்டுக்காரி.

சிரிப்பு வந்தவர்கள் தலைத்துணி முனையில் வாயைப் புதைத்துக்கொண்டார்கள். சாவு வீட்டுச் சிரிப்பு அப்படித்தான், அடக்க அடக்கத்தான் கிளம்பும்.

நாகிமா சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றாள். பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் இருபத்தாறு வருஷம் நிலக்கரி அள்ளிப் போட்டவள். காற்றூதியின் இரைச்சல் அவளுடைய வலது காதைத் தின்றுவிட்டது. அதன் பிறகு அவள் இரும்பின் சத்தத்தைக் காதால் கேட்பதில்லை. பல்லால் கேட்பாள். தீக்கிளறும் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டால் போதும். உள்ளே என்ன நடக்கிறதென்று தாடை எலும்பு அவளுக்குச் சொல்லிவிடும்.

அன்றும் அப்படித்தான் செய்தாள். சமையலறைக்கு அடுத்த சின்னத் தடுப்பில் நின்றது கொதிகலன். ஜகியா தன் கையாலேயே தடித்த சுரங்கக் குழாயை வெட்டிப் பற்றவைத்துச் செய்தது. அடியில் தீ, சுற்றிலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூடேறிக் குழாய் வழியே ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குப் போய், ஆறிப்போய்த் திரும்பிவரும். நாகிமா கம்பியைக் கடித்துக் கண்ணை மூடினாள். உள்ளே கூழ் கொதிப்பதுபோல ஒரு குமுறல்.

"காத்து ஏறியிருக்கு," என்று சொல்லிக் கம்பியை எடுத்தாள். "வீட்டுல நாற்பது பேரு. ரெண்டு நாளா நிறுத்தாம கரியள்ளிப் போடுறீங்க. எவனாவது ரேடியேட்டர் மேல உக்காந்து காத்துத் திருகை ஆட்டியிருப்பான்."

பெரிய கூடத்துக்குப் போய், மூத்த ஆண்கள் கால் நீட்டிச் சாய்ந்திருந்த இடத்தில் அவர்களை நகரச்சொல்லி, ரேடியேட்டர் மூலையிலிருந்த காற்றுத் திருகைத் திறந்தாள். புஸ்ஸென்று கொஞ்சம் ஆவி வந்தது. அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் தொங்கிய கம்பளத்தை நனைத்தது. ஒரு கிழவரின் தாடியும் நனைந்தது.

"எனக்கு இன்னும் நேரம் வரலம்மா, இப்பவே குளிப்பாட்டுறியே," என்றார் கிழவர்.

நாகிமா அவசரமாகத் திருகை மூடினாள். கொதிகலன் அடங்கிவிட்டது. தட்டலும் இல்லை, குமுறலும் இல்லை. பகிலா அவளுக்குப் பால் விட்ட தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். "ஆவி ஓட்ட முல்லா எதுக்கு, நாகிமா ஒருத்தி போதும்," என்றாள். நாகிமாவும் கொஞ்சம் பெருமையோடுதான் மாவுப் பலகைக்குத் திரும்பினாள். அந்தப் பெருமை இரண்டு மணி நேரத்தை விழுங்கியது.

அந்த வீட்டில் எல்லோரும் காத்திருந்தது ஒருவனுக்காக. ஜகியாவின் ஒரே மகன் சாயான், நாட்டின் மேற்குக் கோடியில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தான். நான்கு வருஷத்துக்கு முன் ஏதோ வாக்குவாதத்தில், "இனி என் வாசலை மிதிக்காதே" என்று அப்பா சொல்லிவிட்டார். மகன் மிதிக்கவில்லை. ஜகியா சாகும் முன்பு, மூச்சு வாங்கிக்கொண்டே, "அவனை வரச் சொல்லு" என்றார். கேட்டது அவர் மனைவி கதிஷா மட்டும். அதை அவள் தொலைபேசியில் சொன்னபோது, "நீயா சொல்றேம்மா. அவரு சொல்லியிருக்க மாட்டாரு," என்றான் மகன். அழுதான். ஆனாலும் ரயில் ஏறிவிட்டான். வழியில் பனிப்புயல் தண்டவாளத்தை மூடி, ரயில் எங்கோ வெட்டவெளியில் ஒரு நாளாய் நின்றுகொண்டிருந்தது.

"அவன் முகத்தப் பாக்காம இவரைத் தூக்க விட மாட்டேன்," என்று கதிஷா சொல்லிவிட்டாள். "வார்த்தையை நம்பலைன்னா முகத்தையாவது நம்பட்டும். அந்தச் சாபத்தோட ரெண்டு பேரையும் பிரிச்சுப் புதைக்க மாட்டேன்."

உடலைக் காக்க வேண்டுமே. ஆகவே ஜகியாவின் தம்பி முகாத்தாய் முதல் நாளே வலப்பக்க அறையின் ரேடியேட்டரைத் தன் கையால் மூடி, சன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்துவைத்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு டிகிரி. எல்லாம் முறைப்படி, மரியாதைப்படி. அந்த ஊரில் சாவு விழுந்த எந்த வீட்டிலும் செய்வதுதான்.

மாவை உருட்டிக்கொண்டிருந்த நாகிமாவின் கை சட்டென்று நின்றது.

அந்தத் தண்ணீர் ஏன் எதிர்ச் சுவர் வரைக்கும் பாய்ந்தது?

இந்தத் தெருவின் வீடுகளில் காற்றுத் திருகைத் திறந்தால் தண்ணீர் கசியும், ஒழுகும், கிண்ணத்தில் பிடிக்கலாம். பாயாது. பாயக் கூடாது. ஏனென்றால் சூட்டில் பெருகும் தண்ணீருக்கு மேலே ஒரு வழி உண்டு. பரணில் வாய் திறந்த தொட்டி ஒன்று இருக்கும். தண்ணீர் பெருகினால் அங்கே ஏறும், ஆறினால் இறங்கும், மிஞ்சினால் கூரையோரக் குழாய் வழியே வெளியே வடியும். தண்ணீர் பாய்ந்தது என்றால் அது நெருக்கப்பட்டிருக்கிறது. நெருக்கப்பட்டிருக்கிறது என்றால் மேலே போக வழியில்லை.

மாவுக் கையோடே வெளியே ஓடினாள். கூரையோரக் குழாயின் வாயை அண்ணாந்து பார்த்தாள். மற்ற நாளெல்லாம் அதில் துருநிறத்தில் ஒரு பனிக்கூம்பு தொங்கும். இப்போது பழைய கூம்பு மட்டும் உலர்ந்து, வெளுத்து, தூசியோடு இருந்தது. மூன்று நாளாக ஒரு சொட்டும் அதில் சேரவில்லை.

திரும்பி உள்ளே வருவதற்குள் கொதிகலன் மறுபடியும் தொடங்கியிருந்தது. இந்த முறை முதலில் பாடியது. தேநீர்க் கெண்டி கொதிக்கும் முன் எழுப்புமே, அந்த மெல்லிய, ஒரே சுரத்தில் நீளும் பாட்டு. அதற்கு நடுவே தட்டல்.

"தொட்டிக்கு ஏறுற குழாய் எந்த அறை வழியா போகுது?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை. கட்டியவர் ஒருவர்தான், அவரோ கேட்டால் சொல்லும் நிலையில் இல்லை. கடைசியில் கதிஷாவே, கூடத்து மூலையிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள். "அவரு படுக்கிற அறை வழியா. குளிர் காலத்துல முதுகைச் சாய்ச்சுக்கத் தோதா இருக்கும்னு அந்த மூலைல ஏத்தினாரு."

நாகிமா தீக்கிளறும் கம்பியையும் ஒரு மாவுக் கட்டையையும் எடுத்துக்கொண்டு வலப்பக்க அறைக்குப் போனாள். வாசலில் துணைக்கு இருந்த இரண்டு கிழவிகள் அவளை மறித்தார்கள்.

"இரும்போட எங்க போற?"

"கேக்கப் போறேன்."

"யாருகிட்ட?"

"குழாய்கிட்ட பாட்டி. அவருகிட்ட இல்ல."

அறைக்குள் மூச்சு இழுத்தால் மூக்கின் உள்முடி விறைத்தது. ஜகியா வெள்ளைத் துணிக்குக் கீழே சுவரோரமாகக் கிடந்தார். அவர் தலைமாட்டு மூலையில் அந்தக் குழாய் தரையிலிருந்து கூரைக்கு ஏறியது, முழுக்க உறைபனி பூத்து, உப்புத் தடவிய மீன்போல. நாகிமா அவரைத் தாண்டாமல் சுற்றிப்போய்க் கம்பியை ஊன்றிக் கடித்தாள். தண்ணீர் நிற்கும் குழாய் பேசாவிட்டாலும் அதில் ஒரு நடுக்கம் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. மாவுக் கட்டையால் தட்டிப் பார்த்தாள். கணீரென்று ஒலிக்க வேண்டியது, மரக்கட்டைபோல மொத்தென்றது.

கொதிகலனுக்கு மூச்சுக்குழல் அது ஒன்றுதான். அதைத்தான் உறையவிட்டிருந்தார்கள்.

கம்பியை வாயிலிருந்து எடுத்தபோது உதட்டுத் தோல் இரும்போடு பிய்ந்து வந்தது. அதைத் துடைக்காமலே கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணே," என்றாள் முகாத்தாயிடம். "குழந்தைங்களைச் சமையலறைப் பக்கமிருந்து எழுப்புங்க. எல்லாரும் கோட்டு போடட்டும். பாய்லர் வெடிக்கப் போகுது."

"காத்துன்னு சொன்னே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்றது மட்டும் சரியா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி பொதுக்குளியல் அறைல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கூரைத் தகட்டை மூணாவது வீட்டு முற்றத்துல எடுத்தோம். உள்ள இருந்த தானியாவோட ஒரு கம்பளிச் செருப்பை மட்டும்தான் எடுத்தோம். அதுவும் இப்படித்தான் முதல்ல பாடிச்சு."

இப்போது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது அந்தப் பாட்டு.

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வெளியேறத் தொடங்கினார்கள். முகாத்தாய் மட்டும் அசையவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். மூன்று நாளாகத் தூங்காமல் நாற்பது பேருக்குக் கறியும் தேநீரும் படுக்கையும் பார்த்தவர்.

"என்ன வழி, அதைச் சொல்லு."

"கொதிக்கிற வெந்நீரை ஊத்தலாமான்னு கேக்காதீங்க. கீழ உருகும், மேல பரண் வரைக்கும் கட்டியா நிக்கும். வெடிக்கிறது அவரு தலைமாட்டுலயே வெடிக்கும். ரெண்டு வழி இருக்கு. காத்துக் கதவை மூடி, தீ மேல சாம்பலைப் போட்டு அமுக்கினா ரெண்டு மணி நேரம் பிடிச்சு வைக்கலாம். அதுக்குள்ள அறைய மூடிச் சூடு பண்ணணும். மெதுவா, மேலயிருந்து, பரணையும் சேத்து."

"சூடு பண்ணணும்னா…"

"அவரை அங்கிருந்து எடுத்துடணும்."

"நல்லது," என்றார் முகாத்தாய். "குழி தோண்டி ரெண்டு நாளாச்சு, பாதி பனி நிரம்பிடுச்சு. முல்லா இங்கேயே இருக்காரு. சூரியன் சாயறதுக்குள்ள முடிச்சிடலாம். அண்ணி, கேட்டீங்கல்ல."

கதிஷா தலை நிமிர்ந்தாள். "ரெண்டாவது வழி?"

நாகிமா உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"கேக்கிறேன்ல. ரெண்டாவது?"

"தீயை வெளிய அள்ளிக் கொட்டணும். முழுசா. தண்ணிய வடிச்சிடணும், இல்லைன்னா வீட்டுல இருக்கிற இரும்பெல்லாம் உறைஞ்சு பிளந்துடும். வீடு அந்த அறை மாதிரியே ஆயிடும். அவரு இருக்கிறபடியே இருப்பாரு."

முகாத்தாயின் முகம் மாறியது. எரிகிற அடுப்பைச் சாவு விழுந்த வீட்டில் அணைப்பதா? அந்த ஊரில் ஒருவனைச் சபிக்க வேண்டுமென்றால் அவனுடைய அப்பாவையோ அம்மாவையோ திட்ட மாட்டார்கள். உன் அடுப்பு அணையட்டும் என்பார்கள். அவன் வம்சமே அதோடு முடிந்தது என்று பொருள்.

"அண்ணி," என்று குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இருக்கிறது ஒரே பையன். அவனுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அப்பன் பொணம் உள்ள கிடக்கையில அவன் வீட்டு அடுப்பை நீங்களே அணைப்பீங்களா? யாரு மேல விழும்னு யோசிச்சீங்களா?"

"கொட்டகைல வெச்சா என்ன?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"எங்க அண்ணன் என்ன பழைய லாரியா, கொட்டகைல நிறுத்தி வைக்க?" என்று முகாத்தாய் அவன் பக்கம் சீறினார். "கிடத்தின இடத்துலயிருந்து ஒரு தடவைதான் தூக்குவோம். மண்ணுக்கு."

சமையலறைத் தடுப்பில் தட்டல் நெருக்கமாகிவிட்டது. அலமாரியில் தேநீர்க் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசின. நாகிமா போய்க் காற்றுக் கதவை மூடி, சாம்பலை அள்ளித் தீமேல் போட்டாள். தட்டல் கொஞ்சம் தளர்ந்தது. அடுப்புக் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கே எது சரியென்று தெரியவில்லை. ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் ஒரு முகம். காலையில் இரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் மூன்றாவது வழி எதுவும் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். இருந்திருக்காது. ஆனாலும் நினைத்தாள்.

பின்னால் காலடி கேட்டது. கதிஷா.

"மண்வாரியைக் குடு."

"நான் அள்ளுறேன் அக்கா. நீங்க தொட வேண்டாம். தொட்டவ மேலதான் வரும்னா என் மேல வரட்டும். எனக்கு யாரும் இல்லை."

"உன் பேரைச் சொல்லி நான் தப்பிச்சேன்னு இருக்கக் கூடாது. குடு."

அறுபத்தைந்து வயது. மூன்று நாளாக ஒரு கவளம் இறங்கவில்லை. ஆனாலும் முதல் வாரி அவள்தான் அள்ளினாள். சிவந்த கரியைப் பின்வாசல் வழியே தூக்கிக்கொண்டுபோய்ப் பனியில் கொட்டினாள். பனி சீறிக் கறுத்துக் குழிந்தது. தண்ணீர் ஊற்றவில்லை. தீயைத் தண்ணீரால் கொல்வது அந்த ஊரில் பாவம், அதை மட்டும் யாரும் செய்யமாட்டார்கள், அவளும் செய்யவில்லை. இரண்டாவது வாரியில் கால் தடுமாறியதும் நாகிமா மண்வாரியைப் பிடுங்கி மீதியை அள்ளினாள். பத்தொன்பது வாரி. கடைசி வாரியோடு தட்டல் நின்றது. பாட்டு மெல்ல மெல்ல இறங்கி, கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத இடத்தில் ஓய்ந்தது.

முகாத்தாய் விருந்தாளிகளைப் பிரித்துத் தன் வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அனுப்பினார். பகிலா போகிற போக்கில், "ஆவி ஓட்ட வந்தவ அடுப்பையே ஓட்டிட்டா," என்றாள். நாகிமாவின் கேட்காத வலது காதுப் பக்கம்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டது.

மாலைக்குள் தண்ணீரை வடித்தாள். துருவேறிய வெந்நீர் முற்றத்தில் புகைந்தபடி ஓடி, வேலிக்குப் போய்ச் சேரும் முன்பே உறைந்தது. பெரிய கூடத்து ரேடியேட்டரில் அடியில் தங்கிய தண்ணீரை எடுக்க முடியவில்லை. இருட்டிய பிறகு அது ஒருமுறை டப்பென்று பிளந்தது. கோட்டுக்கு மேல் கோட்டு போட்டு ஜகியாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கதிஷாவும் நாகிமாவும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகாத்தாய் தன் ஆட்டுத்தோல் கோட்டோடு திரும்பி வந்தார். அண்ணியோடு பேசாமல், எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை மூன்று பேருடைய மூச்சும் புகையாய் எழுந்தது. நாலாமவருடையது எழவில்லை.

மறுநாள் முற்பகலில் சாயான் வந்தான். நாகிமாதான் முதலில் பார்த்தாள். சாலைப் பக்கமிருந்து வர வேண்டியவன் இடுகாட்டு மேட்டுப் பக்கமிருந்து, முழங்கால்வரை பனியில் புதைந்து புதைந்து வந்தான்.

"அங்க எதுக்குப்பா போனே?" என்று கேட்டாள்.

"வளைவுல இறங்கினப்பவே வீட்டைப் பாத்தேன் அத்தே. புகைக்கூண்டுல புகை இல்லை. அவ்வளவுதான், புதைச்சு முடிச்சு அம்மாவைச் சித்தப்பா கூட்டிட்டுப் போயிட்டாருன்னு நினைச்சேன்." அவன் தாடியில் பனி கட்டியிருந்தது. "நேரா மேட்டுக்குப் போனேன். குழி சும்மா இருந்துச்சு. உள்ள பனி. கொஞ்ச நேரம் அதுகிட்டதான் பேசிட்டிருந்தேன். அப்புறம்தான் புத்தி வந்துச்சு."

உள்ளே கூட்டிப் போனாள். கதிஷா எழுந்திருக்கப் பார்த்தாள், மரத்துப்போன கால்கள் எழ விடவில்லை. கை மட்டும் நீண்டது. அவன் குனிந்து அம்மாவின் நெற்றியை முகர்ந்தான். முகாத்தாய் எழுந்து வழிவிட்டார்.

கதிஷா தன் கையாலேயே துணியை விலக்கினாள்.

"பாரு. வரச் சொன்னாருடா உன்னை. இப்பவாவது நம்பு. முகத்தப் பாரு."

நாகிமாவும் பார்த்தாள். புருவத்திலும் மீசையிலும் உறைபனி. உதடுகள் இறுகி ஒட்டியிருந்தன. இரு புருவங்களுக்கும் நடுவே, உயிரோடிருந்தபோது மேசையைத் தட்டும் முன் விழுமே, அந்தக் கோடு, உளியால் கீறினாற்போல ஆழமாக நின்றது. மூன்றாம் நாள்வரை அந்த முகம் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. கழுத்துத் துணியைச் சரி செய்தபோது நாகிமா கண்டிருக்கிறாள். சுவர் வழியே வந்த கொஞ்சச் சூடும் நின்று, வீடு முழுவதும் குளிர்ந்த நேற்றைய இரவுதான் அதை இப்படி இறுக்கியிருந்தது.

சாயான் வெகுநேரம் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், யாரோ கழற்றச் சொன்ன பையன்போல.

"கோபமாத்தான் இருக்காரும்மா," என்றான் கடைசியில்.

"இல்லடா. குளிரு. குளிர்ல எல்லாரு முகமும் இப்படித்தான் ஆகும்."

அவன் தலையாட்டினான். நம்பினான் என்று சொல்ல முடியாது. மறுத்தும் பேசவில்லை. முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அப்பனுடைய இரு புருவங்களுக்கு நடுவே வைத்தான். எடுக்கவில்லை. முல்லா வந்து வாசலில் நின்று கனைத்தார். முகாத்தாய் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னார்.

குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். இந்த வீட்டில் காய்ச்ச இடமில்லை. நாகிமா இரண்டு பால் கேன்களை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.